சேனல் ஒண்ணுல சொல்லுங்க சார்

திருமலை: ...விளையாட்டு போதும் பாஞ்சாலி. கதவத் தொற.

பாஞ்சாலி: வாக்கி டாக்கியில கத்தாத சார். காது அடைக்குது.

திருமலை: கத்தாம? குளிர் ரூமுக்குள்ள பூந்து பூட்டிகினா, கொஞ்சுவாங்களா? லைன்ல ரெண்டு சீட்டு காலியா கீது. இன்னொருத்தி யாரு?

சந்திரலேகா: நாந்தான் சார், சந்திரலேகா. வணக்கம். ஓவர்.

திருமலை: ஓவரும் வேணாம் ஒண்ணும் வேணாம்! இங்க மீட்டர் மைனஸ் இருவது காட்டுது. மனுசங்க நிக்கிற எடமா அது?

பாஞ்சாலி: அத்தத்தான் சார் நாங்களும் கேக்கறோம். மனுசங்க நிக்கிற எடமா அது?

திருமலை: சாவி எங்க?

பாஞ்சாலி: எங்கிட்ட கீது.

திருமலை: கண்ணாடி வழியா பாத்தா ஒரு மண்ணும் தெரியல. ஒரே பனியா மூடிகினு கீது. கிட்ட வந்து மூஞ்சியக் காட்டு.

பாஞ்சாலி: கண்ணாடியாண்ட வந்தா மூக்கு ஒட்டிக்கும். அப்புறம் என் மூக்க எந்த ஷிப்டுல பிச்சி எடுப்ப?

திருமலை: சிரிக்காத! அக்கா... மத்தியானம் கனடாக்காரங்க வராங்க. தெரியுமில்ல?

பாஞ்சாலி: தெரியாம? வாரம் பூரா நீ வேற இன்னா பேசின? கனடாக்காரங்க வராங்க, தரையத் தொடச்சிடு. கனடாக்காரங்க வராங்க, பாத்ரூம்ல சோப்பு வையி. எங்களுக்கு ஒரு நாளாவது சோப்பு வச்சியா நீ?

திருமலை: அவங்களுக்குக் காட்ட அந்த ரூம்ல ஒரு எஞ்சின ராத்திரி பூரா குளுர்ல போட்டு வச்சிருக்கேன். உள்ள ஆயில் கெட்டியாயிருக்கும். அவங்க கண்ணு முன்னாடி நம்ம ஹீட்டர்ல ஆயில சூடு பண்ணி, சாவியத் திருப்பினா, ஒரே சுத்துல எஞ்சின் கெளம்பணும். அப்பத்தான் ஆர்டர். உங்களுக்கு இது...

சந்திரலேகா: எங்களுக்கே பாடம் எடுக்கீயளா சார்? மார்கழில பாட்டிலுக்குள்ள தேங்காண்ண உறையுமே, அதே மாதிரிதான் ஆயிலும். எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்குத சட்டியில நாங்க ஒட்டுத மெல்லிசு ஹீட்டர் சூடேறும், ஆயில் இளகும், வண்டி கெளம்பும். நாந்தான சார் தெனமும் ஒட்டுதேன்?

பாஞ்சாலி: ஒரகடத்துல வேர்த்து ஊத்திகினு குந்தி, கனடாக்காரன் வண்டிக்கு சூடு செஞ்சி அனுப்பறோம். நம்ம மண்ணூர்ல எவன் வண்டியாவது குளுர்ல ஸ்டார்ட் ஆவாம நின்னு பாத்திருக்கியா சார் நீ?

திருமலை: பேச்சு வேணாம். நான் சொல்றத கேளுங்க. கதவ லேசா தொறந்து, சட்டுனு வெளிய வந்துடுங்க. ஒடனே மூடிடலாம். நீங்க உள்ள நிக்க நிக்க ஒங்க ஒடம்பு சூட்டுலயே ரூம் சூடாவும்.

பாஞ்சாலி: பாத்தியா சந்திரா? நம்ம குளுந்து போவுறது கவல இல்ல. ரூம் சூடாவுறது தான் கவல.

திருமலை: நான் அப்டி சொல்லல.

பாஞ்சாலி: சரி, அவ்ளோ அக்கற இருந்தா மிஷின அணைச்சுடு. சுவிட்சு ஒன் கையாண்ட தான கீது. கதவுக்கு எடது பக்கம், செவப்பு கலரு.

திருமலை: ...

பாஞ்சாலி: அமுக்கு சார்.

சந்திரலேகா: அமுக்க மாட்டாவ எக்கா.

திருமலை: அணைச்சா எஞ்சின் சூடாயிடும். மறுபடி குளுர வைக்க இன்னொரு ராத்திரி ஆவும். அவங்க சாயந்தரம் ஃப்ளைட் ஏறிடுவாங்க. எல்லாம் தெரிஞ்சிகினு தான இந்த வேல பண்றீங்க?

பாஞ்சாலி: பின்ன, தெரியாமயா பண்ணுவோம்?

திருமலை: இன்னா தான் வேணும் ஒங்களுக்கு? ஓவர்டைம் காசா? லீவா? கேன்டீன்ல சாம்பார் தண்ணியா கீதுன்னு போன மாசம் சொன்னீங்களே, அதுவா?

பாஞ்சாலி: சாம்பாருக்கு எவளாவது ஐஸ்ல நிப்பாளா? அன்னக்கிளி வேணும். அன்னக்கிளிய திருப்பி வேலைக்கு எடுக்கணும். அதுக்கு முன்னாடி நீ நெசத்த சொல்லணும். எங்களாண்ட இல்ல. வாக்கியத் திருகி ஒண்ணாம் சேனல்ல சொல்லணும்.

திருமலை: ஒண்ணாம் சேனல்லயா? தெரிஞ்சிதான் பேசறியா? அதுல பிளான்ட் ஹெட் சிவசங்கர் சார் கீறாரு. எச்ஆர் சசிரேகா மேடம் கீறாங்க. செக்யூரிட்டி கேட்டு, ஸ்டோர்ஸு, கேன்டீனு, மொத்த கம்பெனியும் கேக்கும்.

பாஞ்சாலி: அதுக்குத்தான் அந்த சேனலு. நம்ம ரெண்டாம் சேனல்ல நீ ஆயிரம் நல்ல பேச்சு பேசுவ. வெளிய போனா நாக்கு வேற மாதிரி பொரளும்.

திருமலை: அன்னக்கிளி விசயம் முடிஞ்சி போச்சு. என்கொயரி வச்சாங்க, முடிச்சாங்க. பர்மிசன் இல்லாம உள்ள போனா. ரீல்ஸ் எடுக்க...

சந்திரலேகா: அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாதீய! ஒங்களுக்கு வெக்கமா இல்லையா சார்? பனியில நின்னு ஆடி வீடியோ எடுக்கப் போனாளாம்! அவ போன்ல பட்டனு கூட அமுங்காது சார். ஒடஞ்ச போன். அந்தப் போன்லயா ரீல்ஸ் எடுத்தா? இப்ப அவ ஊரு வரைக்கும் போயிருச்சு. அவ அப்பா கேக்காரு, ஏட்டி, கம்பெனில ஆடுறதுக்கா ஒன்ன அனுப்புனேன்னு. நாலு நாளா போன எடுக்க மாட்டேங்கா. ரூம்ல சொவரப் பாத்து படுத்துக் கெடக்கா. நாந்தான் சார் சோறு ஊட்டி விடுதேன். தல சீவி விடுதேன். கை ரெண்டுலயும் கட்டு. வெரலு நுனி எல்லாம் கறுத்துப் போயி... பாத்தீயளா நீங்க? ஒரு தடவ வந்து பாத்தீயளா?

திருமலை: ...வரணும்னு தான் இருந்தேன். வேல...

பாஞ்சாலி: வேல! பூந்தொட்டிக்கு தண்ணி ஊத்தற வேல.

திருமலை: அக்கா!

பாஞ்சாலி: இன்னா அக்கா? பொய்யா? ஒட்டுன ஹீட்டர் குளுர்ல ஒரு பக்கம் வுட்டுப்போச்சு. நீ தான் அவளக் கூப்ட. போயி அமுக்கிட்டு வாடி, ரெண்டு நிமிசம்னு சொன்ன. நான் பக்கத்து மேசையில குந்திகினு இருந்தேன். என் ரெண்டு காதால கேட்டேன்.

திருமலை: ஒங்க பேச்ச என்கொயரில எடுத்துக்கல இல்ல?

பாஞ்சாலி: எப்டி எடுத்துப்பாங்க? நீ நேரா ஒக்காந்து, நான் அனுப்பலன்னு அடிச்சி சொல்ற. நான் கான்ட்ராக்டு, நீ சூப்பர்வைசரு. கேமராவும் அந்த மூலையப் பாக்கல. கேட்டாங்க, தலைய ஆட்டுனாங்க, அனுப்புனாங்க.

திருமலை: தடியா ஒரு கிளவுஸ் குடுத்து தான அனுப்பினேன்...

பாஞ்சாலி: தோ! ஒத்துகினான் பாரு! குடுத்து அனுப்பினியா?

சந்திரலேகா: கேட்டுட்டோம் சார். ஓவர்.

திருமலை: ரெண்டாம் சேனல்ல பேசறதுக்கு எந்த சாட்சியும் இல்ல.

பாஞ்சாலி: அடப்பாவி! எப்டி டபாய்க்கிறான் பாரு. அந்த கிளவுஸப் போட்டுகினு மெல்லிசு ஹீட்டர அமுக்க முடியாது சார். ஓரத்துல காத்துக் குமிழி நிக்கும். குமிழி நின்னா அந்த எடம் கருகிடும். நீதான தெனமும் லைன்ல கத்துவ, குமிழி குமிழின்னு? அதனால கிளவுஸக் கழட்டிட்டு வெறுங்கையால அமுக்கினா. இரும்பு சும்மா வுடுமா? வெரல் ஒட்டிகிச்சு. ஒரு வழியா பிச்சிகினு கதவாண்ட வந்தா, கைப்புடியப் புடிக்க வெரல் மடங்கல. வாக்கியில கூப்டா. ஒன்னத்தான் கூப்டா.

திருமலை: எனக்கு கேக்கல.

பாஞ்சாலி: எப்டி கேக்கும்? வாக்கிய மேசையில வச்சிட்டு நீ கேட்டுக்குப் போயிட்ட. வெல்கம் போர்டு கோணலா கீதுன்னு.

திருமலை: சிவசங்கர் சார் போன்ல கூப்டாரு! ஒடனே வந்து போர்ட நேர் பண்ணுன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்? ஒரு நிமிசத்துல வந்துடலாம்னு ஓடினேன். அங்க போனா குரோட்டன்ஸ் தொட்டி எல்லாம் காஞ்சி கீது, தண்ணி ஊத்துன்னாரு. நானும் மனுசன் தான... மறந்துட்டேன்.

சந்திரலேகா: ஒரு ஆள உள்ள அனுப்பிட்டு மறந்துட்டீயளா சார்?

பாஞ்சாலி: நான் டீக்கு எழுந்து போறப்போ அவ சீட்ட பாத்தேன். காலி. மேசையில ஒன் வாக்கி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுடுது. எடுத்து காதுல வச்சா... வேணாம் சார். அந்தக் கொரல நான் சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு இன்னிக்கும் சோறு எறங்காது.

திருமலை: நீங்க தான் தூக்கிகினு வந்தீங்க. தெரியும்கா. எனக்கும் தூக்கம் இல்ல. நெசமா.

பாஞ்சாலி: தூக்கம் இல்லாதவன் மறுநாள் காலையில ரீல்ஸ் கத எப்டி கட்டின?

திருமலை: என் வேல போயிடும்கா! இந்த ஆர்டர் ஓகே ஆச்சுன்னா என்ன இன்சார்ஜ் ஆக்கறேன்னு சொல்லிகிறாங்க. ரெண்டு பொண்ணு எனக்கு. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க எங்க தெருவு தான.

பாஞ்சாலி: தெரு ஞாபகம் இப்பத்தான் வருதா? சரி, தெரு ஆளாவே கேக்கறேன். ஒன் வேல போனா தண்டலத்துல ஒரு வேல, மாம்பாக்கத்துல ஒரு வேல. அவ வெரல் போனா எந்த கம்பெனில வாங்கித் தருவ திருமல?

திருமலை: நானே அவளுக்கு வேற எடத்துல பேசறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு கீறான். நல்ல கம்பெனி, ஏசி லைன்...

சந்திரலேகா: ரீல்ஸ் பிள்ளைங்குற பேரோடயா அனுப்புவீய?

திருமலை: நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த அக்கா பேச்ச கேட்டு கெட்டுப் போவாத. ஒன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேடமாண்ட பேசறேன். இப்ப கதவத் தொற.

சந்திரலேகா: பர்மனென்ட்டா? எங்க அம்ம கேட்டா கோயில்ல பொங்கல் வைப்பா சார்.

திருமலை: அப்ப தொற.

சந்திரலேகா: மாட்டேன்.

பாஞ்சாலி: கேட்டுச்சா சார்? ஓவர்.

திருமலை: சரி. நல்லா பேசினா ஏறல. செக்யூரிட்டியக் கூப்டறேன். போலீச கூப்டறேன். ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளிய தள்ளி, இந்த பெல்ட்டுல எந்த கம்பெனிலயும் காலு வைக்க முடியாம பண்ணலன்னா...

பாஞ்சாலி: கூப்டு! போலீசு வந்தா கனடாக்காரன் எதிர்ல தான வருவான்? வெல்கம் போர்டுக்குக் கீழ ஜீப்ப நிறுத்தச் சொல்லு, நல்லா எடுப்பா இருக்கும். கேட்டுக்கு வெளிய தள்றானாம்! அந்த கேட்டு எங்க மாமனாரு கழனியில நிக்குது. தள்ளிப் பாரேன்.

திருமலை: பின்னாடி இன்னா சத்தம் அது? வண்டி சத்தம் மாதிரி கீது.

பாஞ்சாலி: கம்ப்ரசரு ஓடுது. ஒன் மிஷின் சத்தம் ஒனக்கே தெரியலையா?

திருமலை: ...இரு இரு. கோட்டு! விசிட்டர் கோட்ட எடுத்து மாட்டிகினீங்களா? அதான் இவ்ளோ உதாரா? கண்ணாடி பீரோவத் தொறந்தீங்களா?

பாஞ்சாலி: போய்ப் பாத்துட்டு வா.

திருமலை: ...

சந்திரலேகா: பாத்தீயளா சார்?

திருமலை: எல்லாக் கோட்டும் அப்டியே தொங்குது. பிளாஸ்டிக் கவரு கூடக் கழட்டல.

பாஞ்சாலி: நாங்க தொட மாட்டோம் சார். அது வெளிநாட்டு ஆளுங்க ஒரு நிமிசம் உள்ள எட்டிப் பாக்கறதுக்கு வாங்கினது. எங்கள மாதிரி ஆளு தொட்டா அழுக்காயிடும்னு நீ தான சொன்ன?

திருமலை: அப்ப என்னத்தப் போட்டுகினு...

பாஞ்சாலி: யூனிபார்ம் தான். அன்னக்கிளி என்னத்தப் போட்டுகினு உள்ள போனாளோ, அத்தே தான்.

திருமலை: ஐயோ... பருத்தி சட்டையோடயா? இவ்ளோ நேரமாவா? அக்கா, பைத்தியமா ஒங்களுக்கு? செத்துப் போயிடுவீங்க!

பாஞ்சாலி: அது ஒனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

திருமலை: நான் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன். கனடாக்காரங்க போனதும், சாயந்தரம், நானே மேடம் ரூமுக்குப் போயி...

பாஞ்சாலி: இப்ப.

திருமலை: சாயந்தரம்கா. என் பொண்ணுங்க மேல சத்தியம்.

பாஞ்சாலி: பொண்ணுங்க மேல கைய வைக்காத. வாக்கி மேல கைய வையி. ஒண்ணாம் சேனல்.

திருமலை: புரிஞ்சிக்கங்க. இன்னிக்கு சொன்னா...

சந்திரலேகா: எக்கா...

பாஞ்சாலி: இன்னாடி?

சந்திரலேகா: வெரலு... எனக்கு வெரலு இருக்கான்னே தெரியல எக்கா.

பாஞ்சாலி: கைய அக்குளுக்குள்ள வை. ரெண்டு கையும். நல்லா இறுக்கிக்கோ.

திருமலை: இன்னா ஆச்சு? சந்திரலேகா? இன்னா ஆச்சு?

பாஞ்சாலி: நீ பேசு சார், நீ புரிய வைக்கிற வேலையப் பாரு. சாயந்தரம் வரைக்கும் டைம் கீது ஒனக்கு.

திருமலை: அவகிட்ட வாக்கியக் குடு. சந்திரலேகா, பேசு. பேசும்மா.

சந்திரலேகா: தூக்கமா... வருது சார்.

திருமலை: தூங்காத! தூங்கக்கூடாது! அக்கா, அவள எழுப்பு, கன்னத்துல தட்டு. அக்கா!

பாஞ்சாலி: தட்டறேன்... ஏ சந்திரா. ஏய். ஏ சந்திரா!

திருமலை: இன்னா? இன்னா ஆச்சு?

பாஞ்சாலி: பேச மாட்டேங்கிறா சார்.

திருமலை: கதவத் தொற! சாவியப் போட்டுத் திருப்பு, நான் இங்கேர்ந்து இழுக்கறேன். திருப்புக்கா!

பாஞ்சாலி: சாவியப் புடிக்க எனக்கும் வெரல் மடங்கல.

திருமலை: அணைச்சிட்டேன். அக்கா, கேக்குதா? மிஷின அணைச்சிட்டேன். எஞ்சின் எக்கேடு கெட்டுப் போவட்டும், ஆர்டரும் மயிரும் போவட்டும். கதவு... கதவு வரல. ஒதைச்சிப் பாத்துட்டேன். இன்னொரு சாவி... இன்னொரு சாவி யாராண்ட கீது?

பாஞ்சாலி: சிவசங்கர் சாராண்ட.

திருமலை: இரு. தூங்காத. நீயும் தூங்கிடாத. சேனல மாத்தறேன்... சார்! சிவசங்கர் சார்! திருமலை பேசறேன், ஒண்ணாம் சேனல்ல. குளிர் ரூம் சாவி வேணும். ஒடனே. ஒடனே வேணும் சார்!

சிவசங்கர்: எதுக்குப்பா இப்படிக் கத்துற? கெஸ்ட்டுக்கு பொக்கே பார்த்துட்டிருக்கேன். ஒன் சாவி என்ன ஆச்சு?

திருமலை: உள்ள மாட்டிகினாங்க சார். பாஞ்சாலி, சந்திரலேகா, ரெண்டு பேரும் உள்ள. சந்திரலேகா மயங்கிட்டா.

சிவசங்கர்: மறுபடியுமா? இதுங்களுக்கு வேற வேலையே இல்லையா? அன்னிக்கு ஒண்ணு ரீல்ஸ் எடுக்கப் போச்சு, இன்னிக்கு ரெண்டா? இதுங்க ஆடறதுக்குத்தான் ரூம் கட்டி வச்சிருக்கா?

திருமலை: ரீல்ஸ் எடுக்கல சார்!

சிவசங்கர்: என்னது?

திருமலை: அன்னக்கிளி ரீல்ஸ் எடுக்கல. அவ ஒண்ணும் பண்ணல. நான் அனுப்பினேன். ஹீட்டர் வுட்டுப்போச்சு, அமுக்கிட்டு வான்னு நான் தான் அனுப்பினேன். கோட்டு குடுக்கல. விசிட்டர் கோட்டு அழுக்காயிடும்னு குடுக்கல.

சிவசங்கர்: திருமலை, இது ஓப்பன் சேனல். எல்லாரும் கேக்குறாங்க. என் ரூமுக்கு வா, பேசலாம்.

திருமலை: கேக்கட்டும் சார்! மேடம், சசிரேகா மேடம், நீங்களும் கேளுங்க. வாக்கிய மேசையில வச்சிட்டு நான் பூந்தொட்டிக்கு தண்ணி ஊத்தப் போனேன். அவ உள்ளேர்ந்து என்னத்தான் கூப்ட்டுகினே இருந்திருக்கா. நான் மறந்துட்டேன். மாட்டிக்குவேன்னு பயந்து ரீல்ஸுன்னு பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இப்ப சாவியக் குடுங்க சார், கால்ல வுழறேன், உள்ள ரெண்டு உசுரு...

சிவசங்கர்: ...வரேன். ஆம்புலன்ஸ் சொல்லு. அங்கேயே நில்லு, ஓடி வரேன்.

திருமலை: அக்கா! சாவி வருது! அக்கா, கேக்குதா? ஒண்ணாம் சேனலுக்கு மாத்திக்கோ. பேசு. யாராவது பேசுங்க!

அன்னக்கிளி: திருமலை சார்...

திருமலை: சந்திரலேகாவா? முழிச்சிகினியா?

அன்னக்கிளி: அன்னக்கிளி பேசுதேன் சார். என்ன உள்ள விட மாட்டாவன்னு கேட்டுக்கு வெளிய பஸ் ஷெட்டுல நிக்கேன். பாஞ்சாலி அக்காவும் சந்திராவும் காலையிலயிருந்து என் கூடத்தான் இங்க நிக்காவ, நல்லாருக்காவ. ரூம வெளியயிருந்து பூட்டிட்டு எடுத்துட்டு வந்த சாவி செக்யூரிட்டி அண்ணன்ட்ட இருக்கு. சுவிட்ச திரும்பப் போடுங்க சார், எஞ்சின் சூடாயிரப் போவுது. உள்ள யாரும் இல்ல. அன்னைக்குத்தான் நான் இருந்தேன்.